ஊர்ப் பாட்டு என்று சொன்னேன்

முறத்தில் ஏலக்காயைப் பரப்பி, வெடித்த காயை ஒரு பக்கமும் முழுக்காயை ஒரு பக்கமுமாக ஒதுக்கிக்கொண்டே மதினி என் பாட்டைத் திருத்திய அந்த முற்பகல் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. பங்குனிப் பொங்கல் கும்மிக்காக நான் பாட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் ஊரெல்லாம் கேட்ட ஒரு சினிமா மெட்டில் காளியம்மனைப் பற்றி எட்டு அடி எழுதி, தொடையில் தாளம் தட்டிப் பாடிப் பார்த்தேன். மதினி தலையை நிமிர்த்தாமலே, "டீச்சரு, சாமிப் பாட்டுக்கு எதுக்குச் சினிமா மெட்டு? வேற ஒண்ணு சொல்லவா?" என்றாள். என் பதிலுக்குக் காத்திராமல் வாய்க்குள்ளேயே பாடத் தொடங்கினாள். வார்த்தைகள் என்னுடையவைதாம். ஆனால் என்னைவிடக் கெட்டிக்காரர் யாரோ எழுதியவைபோல அவை ஒலித்தன. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. ராசிங்காபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பிருந்தே, தாவணி போட்ட காலத்திலிருந்தே, போடியில் எங்கள் தெருவின் முளைப்பாரிக் கும்மிக்குப் பாட்டுக் கட்டுவது நான்தான். ஓடுகளில் தானியம் முளைவிடும் அந்த ஏழு நாளும் சாயங்காலம் பெண்கள் கோயில் முன்னால் வட்டம் கட்டிக் கும்மியடிப்பார்கள். எங்கள் தெருப் பாட்டு நன்றாயிருந்ததா, பக்கத்துத் தெருப் பாட்டு நன்றாயிருந்ததா என்று அடுத்த பங்குனி வரைக்கும் பேச்சிருக்கும். "பாட்டுக்காரி வர்றா" என்று கடைத்தெருவில் பெண்கள் சொல்வது என் காதில் விழாததுபோல் நடப்பேன். அந்த நடை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அண்ணன் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டினான். ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போய் இறக்குகிற சோலி. ஏற்றிப்போனவர்களில் ஒருத்தியையே ஒருநாள் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். அம்மா ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. நஞ்சை புஞ்சை உள்ள வீட்டுக்குக் காயெடுக்கிறவள் மருமகளா என்கிற வருத்தம். மதினி என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். என் வேலையை மதித்து என்னை 'டீச்சரு' என்றும் 'நீங்க' என்றும்தான் பேசுவாள். மலையில் பிறந்து வளர்ந்ததால் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். சோறு போடும்போது, போதும் என்பதற்கு "மதி, மதி" என்பாள். தெருப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பங்குனியில் மதினியின் மெட்டில்தான் கும்மியடித்தோம். மூன்றாவது அடியின் நடுவில் அந்த மெட்டு சட்டென்று ஒரு கணம் நிற்கும். பிறகு ஒரு படி மேலேறிப் போகும். நிற்கிற இடத்தில் அத்தனை பேரின் கையும் அந்தரத்தில் நிற்கும், அப்புறம் ஒரே அடியாகச் சேர்ந்து விழும். அதைப் பார்க்கவே பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து நின்றார்கள். "மெட்டு யாரு போட்டது?" "ஜீப்புக்காரன் பொண்டாட்டியாம்ல. குரலப் பாரு ஆத்தா, மணி மாதிரி!" வார்த்தை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த பங்குனிக்கும் அவள்தான் மெட்டுப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், யாரும் இல்லாத வகுப்பில் உட்கார்ந்து நானும் ஒரு மெட்டுக்கு முயன்று பார்த்தேன். எதைத் தொடங்கினாலும் இரண்டாவது அடியில் ஏதோ ஒரு சினிமாப் பாட்டாகிப் போனது.

பொறாமை என்றால் வெறுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு மதினிமேல் வெறுப்பு இருந்ததில்லை. அவளுக்குத் தலைவலி என்றால் சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவேன். அவளுக்குப் பிரசவமானபோது பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுக் கூடவே இருந்தவள் நான். அவள் வாயைத் திறந்து பாடும்போது மட்டும், என் பண்டம் ஒன்றை அவள் கையில் பார்ப்பதுபோல் இருக்கும். அதை எப்போது தொலைத்தேன் என்றும் தெரியாது, எப்படித் திருப்பிக் கேட்பது என்றும் தெரியாது.

அந்த வருடம் கார்த்திகையில், அண்ணன் குழந்தைக்குக் காது குத்த மதினியின் வீட்டுக்கு மலைக்குப் போயிருந்தோம். காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஏலச்செடியின் காய் தூரில், தரையோடு தரையாகத்தான் இருக்கும். பெண்கள் குந்தி உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தாள்கள் மட்டுமே என் கண்ணுக்குத் தெரிந்தன. அந்தத் தாள்களுக்கு அடியிலிருந்து பாட்டு வந்தது. கேட்டதும் நின்றுவிட்டேன். வார்த்தை வேறு, ஆனால் மெட்டு எங்கள் கும்மி மெட்டு. மூன்றாவது அடியில் அதே நிறுத்தம், அதே ஏற்றம்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குழந்தையை இறுக்கி முத்தமிட்டேன். மதினி மெட்டு ஒன்றும் போடவில்லை. மலையில் எல்லாரும் பாடுகிற பாட்டைக் கொண்டுவந்து தன்னுடையது என்று காட்டியிருக்கிறாள்! பத்தடி தூரத்தில் அந்தப் பெண்கள் இருந்தார்கள். "இது யார் போட்ட பாட்டு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் எனக்கு வேண்டாத பதில் வந்துவிடுமோ என்று உள்ளே ஏதோ ஒன்று தடுத்தது. இது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் திரும்பி நடந்தேன்.

மாசிக் கடைசியில் கும்மிப் பழக்கம் தொடங்கிய முதல் நாள் சாயங்காலம், கோயில் முன்னால் இருபது முப்பது பெண்கள் கூடியிருந்தார்கள். புது மெட்டு என்ன என்று எல்லாரும் மதினியைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "மெட்டு அவங்ககிட்ட எதுக்குக் கேக்குறீங்க? முன்ன பாடுனது அவங்க மெட்டே இல்ல. மேல தோட்டத்துல அம்புட்டுப் பேரும் பாடுறாங்க, நானே காதால கேட்டேன். அது ஊர்ப் பாட்டு. எடுத்துட்டு வந்து தன்னோடதுன்னு சொல்லியிருக்காங்க."

மதினியின் முகம் ஒரு நொடி வெளுத்தது. "டீச்சரு, அது நான்தான்..." என்று ஆரம்பித்தாள். நான் சிரித்தேன். வேண்டுமென்று சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தேன். பின்னால் இருந்த பெண்களும் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி, "மதி, மதி" என்றாள். சிரிப்பு இன்னும் பெரிதானது. மதினி எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, "சரி டீச்சரு. ஊருப் பாட்டுன்னா ஊருப் பாட்டாவே இருக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு எந்தக் கும்மியிலும் அவள் பாடவில்லை. வருவாள், வட்டத்தில் நிற்பாள், கையை மட்டும் தட்டுவாள். வீட்டில் என்னோடு எப்போதும்போல் பேசினாள். எனக்குப் பிடித்த புளிக்குழம்பை வாரம் ஒருமுறை வைத்தாள்.

நான் பழையபடி பாட்டுக்காரி ஆனேன். சினிமா மெட்டுகளுக்குத் திரும்பிப் போனோம். ஆனாலும் அந்த ஒரு பாட்டை மட்டும் பெண்கள் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் கடைசி நாளன்று அதைத்தான் கேட்டார்கள். எண்பதுகளில், டேப் ரெக்கார்டர் தெருவுக்கு நாலு என்று வந்துவிட்ட காலத்தில், மதுரையிலிருந்து கேசட் போடுகிற ஒருவர் பொங்கலுக்கு வந்திருந்தார். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு என்னைத் தேடி வந்தார். "வார்த்தை உங்களுதுன்னு சொன்னாங்க. மெட்டு?" என்றார். "ஊர்ப் பாட்டுங்க. நான் கொஞ்சம் திருத்தியிருக்கேன்" என்றேன். எதையும் நான் திருத்தவில்லை. "அப்ப ரெண்டுக்கும் உங்க பேரையே போட்டுருவோம்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மூன்றாவது அடி நிறுத்தத்தை அவர் வியந்தபோது, கும்மிக்குக் கை சேரட்டும் என்று நான்தான் அப்படி வைத்தேன் என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன்.

கேசட் வந்த அன்று வீட்டில் போட்டுக் கேட்டோம். அட்டையில் பாடல், மெட்டு என்று இரண்டு இடத்திலும் என் பெயர். மதினி அடுப்படியிலிருந்து வந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள். "நல்லாருக்கு டீச்சரு. மூணாவது அடியில மட்டும் வெரசா ஓடிட்டாங்க. கொஞ்சம் நின்னு போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குத்திக்காட்டுகிறாள் என்று அப்போது நினைத்தேன். இல்லை. அவளுக்கு உண்மையிலேயே அந்த மெட்டைப் பற்றித்தான் கவலை.

ஒரு வருடம் கழித்து மதினியின் தங்கைக்குக் கல்யாணம். மலைக்குப் போனோம். மைக்செட்டில் என் கேசட்டைப் போட்டார்கள். நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். காயெடுப்பில் வரிசைக்கு முன்னால் போகிற ஒரு வயதான அம்மாள் வெற்றிலையை மென்றபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இது நம்ம புள்ள பாட்டல்லே! வார்த்தையத்தான் மாத்திருக்காங்க" என்றாள்.

"எந்தப் புள்ள?" என்றேன்.

"ஒங்க வீட்டுக்கு வந்திருக்காளே, அவதான். பதினாலு வயசிருக்கும் அப்ப. ஆனி ஆடி மழையில வேலை ஓடல, எல்லாருக்கும் சலிப்பு. இவதான் பாடிக்கிட்டே இதக் கட்டுனா. ஒரு தூரு முடிச்சு அடுத்த தூருக்கு எந்திரிச்சுப் போகணும்ல, அதுக்கு மூச்சு வேணும்னு நடுவுல நிறுத்துனா. அவ கல்யாணமாகிப் போயிட்டா, பாட்ட எங்ககிட்ட விட்டுட்டுப் போயிட்டா."

திரும்பி வரும்போது ஜீப்பில் மதினி எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் தோள் என்மேல் சாய்ந்து விலகியது. மறுநாள் காலையில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று, கேட்டதை எல்லாம் சொன்னேன். அழுதேன். "ஏன் மதினி நீங்க அன்னைக்கே சொல்லல?"

"சொல்ல வாயெடுத்தேனே டீச்சரு. நீங்க சிரிச்சீங்க. சிரிக்கிறவங்க முன்னாடி யாரச் சாட்சிக்குக் கூப்பிடுறது?" துணியை உதறிப் போட்டாள். "ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"நேத்து."

"அப்ப நேத்து வரைக்கும் நீங்க களவாணி இல்ல. இனிமேத்தான் என்னன்னு பாக்கணும்."

பத்தடி தூரத்தில் கேட்காமல் திரும்பி வந்த அந்தக் கார்த்திகைக் காலையை அவளிடம் சொல்ல அப்போது எனக்குத் துணிவு வரவில்லை. பிறகும் சொல்லவில்லை.

அந்த வாரமே மதுரைக்குப் பஸ் ஏறினேன். கேசட்காரர் சலித்துக்கொண்டார், அச்சடித்த அட்டை தீரட்டும், அடுத்த தடவை மாற்றலாம் என்றார். மாற்றினார். அதைவிடக் கடினமானது பங்குனிதான். அதே கோயில் முன்னால், அதே பெண்களிடம், "அது ஊர்ப் பாட்டு இல்ல. மதினி போட்டது. நான் சொன்னது பொய்" என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா கூட்டத்திலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். வாத்தியார் வேலை பார்க்கிற மகள் ஊர் முன்னால் தன்னைத்தானே தாழ்த்திக்கொண்டதை அவளால் தாங்க முடியவில்லை. யாரோ ஒரு பெண், "அப்பன்னா நீயே பாடு தாயி" என்று மதினியை முன்னால் தள்ளிவிட்டாள்.

மதினி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அது பழசு. பாடிப் பாடித் தேஞ்சு போச்சு. புதுசு ஒண்ணு இருக்கு, வார்த்தை இல்ல, மெட்டு மட்டும் பாடுறேன்" என்றாள். பாடினாள். முதல் மெட்டைவிட அது பல மடங்கு நன்றாயிருந்தது. முடிந்ததும் இன்னொன்று பாடினாள். அப்புறம் இன்னொன்று. அவள் வாயை நான் அடைத்துவிட்டதாக நினைத்திருந்த அத்தனை வருடமும், சோறு வடிக்கும்போதும் முறத்தைப் பிடிக்கும்போதும் அவள் உள்ளுக்குள் மெட்டுக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். என் குற்றம் தீர்ந்த அந்த நேரத்தில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எத்தனை வைத்திருக்கிறாள் இவள், எனக்கு ஒன்றுகூட வரவில்லையே என்றுதான் வயிறு எரிந்தது. பாடி முடித்தவள் நேரே என்னிடம் வந்து, "வார்த்தை நீங்க கொண்டாங்க டீச்சரு, எனக்கு அது வராது" என்றாள்.

அதற்குப் பிறகு பதினாறு பங்குனிக்கு அவளுடைய மெட்டும் என்னுடைய வார்த்தையும். இப்போது எங்கள் இருவருக்குமே கும்மியில் நிற்க முட்டி ஒத்துழைப்பதில்லை. அண்ணன் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். போன பொங்கலுக்கு ஒரு கல்லூரிப் பெண் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, கும்மிப் பாட்டெல்லாம் யார் கட்டியது என்று கேட்டாள். மதினிக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். "மெட்டெல்லாம் இவங்க போட்டது" என்று அவளைக் காட்டிச் சொன்னேன். ஆனால் அந்தப் பெண் கேட்டு முடித்ததற்கும் நான் சொன்னதற்கும் நடுவே கொஞ்ச நேரம் கழிந்தது. பெண் அதைக் கவனிக்கவில்லை. மதினி கவனித்தாள். என் கைமேல் கையை வைத்து, "சொல்லிட்டீங்கல்ல, மதி" என்றாள்.