வண்டிக்குள் ஒரு கழிப்பறை

என் கணவர் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்த அன்று, செருப்பைக் கழற்றிய கையோடு மின்சார பில்லின் பின்பக்கத்தில் படம் போட உட்கார்ந்துவிட்டார். ஒரு நீளமான பெட்டி, அதற்கடியில் சக்கரங்கள், பெட்டிக்குள் இரண்டு கட்டில், ஒரு மூலையில் அடுப்பு. எதிர்மூலையில் சின்னதாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பேனா முனையால் தட்டிக்காட்டி, இது உனக்கு என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோபமும் வந்தது. வெளியூர் போக ஆசைப்படுவதையே நான் ஒருவழியாக நிறுத்தி வைத்திருந்த நேரம் அது.

நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்குப் பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது, அதில் எனக்குக் குறையில்லை. வயிற்றின் வலப்பக்கம் ஒரு துளை போட்டு, சிறுகுடலின் நுனியை அங்கே கொண்டுவந்து தைத்து, மேலே ஒரு பையை ஒட்டிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை பையைக் காலி செய்ய வேண்டும். எப்போது என்பது என் கையில் இல்லை. வீட்டில் இருக்கும்வரை இதெல்லாம் ஒரு விஷயமே கிடையாது, குளியலறை பத்தடியில் இருக்கிறது. வெளியே கிளம்பினால்தான் வம்பு. வீட்டுக்குப் பக்கத்தில் காளிகாட்டில் மெட்ரோ ஏறி நாலைந்து ஸ்டேஷன் போய்த் திரும்பும் தூரத்துக்குள் என் நடமாட்டம் அடங்கிப் போயிருந்தது.

என் தங்கை ரயிலில் இரண்டு மூன்று மணி நேரத் தூரத்தில், கரக்பூரில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. ஆபரேஷனுக்குப் பிறகு அவளைப் பார்க்க ஒரே ஒரு தடவை ரயிலேறினேன். பாதி வழியில் வண்டி நின்றது, நின்றதுதான். கழிப்பறையில் தண்ணீர் இல்லை. பை ஓரத்தில் விட்டுக்கொண்டது. எதிர்சீட்டுப் பெண்மணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளைத் தப்பு சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் திரும்பியிருப்பேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வாடகைக் காரில் வீடு வந்து சேர்ந்தோம். அதற்கப்புறம் தங்கை மகளின் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை. இவர் மட்டும் போய் மொய் வைத்துவிட்டு வந்தார். ஏன் வரவில்லை என்று தங்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வண்டி துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் ஒரு பழைய கிடங்கின் பின்னால் நின்றுகொண்டிருந்தது. எப்போதோ ஒரு தேயிலைக் கம்பெனி, தோட்டந்தோட்டமாகச் சுற்றும் தன் அதிகாரிகள் படுக்கவும் சமைக்கவும், லாரி சேஸின் மேல் மரச்சட்டம் நிறுத்தி அலுமினியத் தகடு அடித்துச் செய்த வண்டி. கம்பெனி மூடியதோடு வண்டியும் நின்றுவிட்டது. நான் முதலில் பார்த்தபோது டயர்கள் மண்ணில் புதைந்திருந்தன. கூரை ஓரத்தில் அரசமரம் ஒன்று முளைத்து இலை விட்டிருந்தது. மெத்தையில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பில்லின் பின்னால் இவர் போட்ட சின்னக் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்த ஒரு இரும்பு வாளி இருந்தது.

இதில்தான் நீ கரக்பூர் போகப்போகிறாய் என்றார். நான் வாளியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் கணவர் முப்பத்தைந்து வருஷம் துறைமுகப் பட்டறையில் இழுவைப்படகு எஞ்சின்களோடு குடித்தனம் நடத்தியவர். என்னோடு நடத்தியது மீதி நேரத்தில். வண்டியை ரிப்பேர் செய்ய அவருக்குக் கிடைத்த மிஸ்திரியும் அதே ஜாதி. வாலிபத்தில் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் இருந்துவிட்டு, பிறகு கிடர்பூரிலேயே லாரி பட்டறை போட்டவர். இவரைத் தாதா என்பார், என்னைப் பௌதி என்பார், அண்ணன், அண்ணி என்று அர்த்தம். இரண்டு பேரும் சேர்ந்தால் மூன்றாவது ஆள் அங்கே இருப்பதே மறந்துவிடும்.

வண்டியை விலைக்கு வாங்கிக் கிடங்கிலிருந்து பட்டறைக்கு இழுத்து வந்ததும் எஞ்சினைப் பிரித்தார்கள். டீசல் டாங்கின் அடியில் கருப்பாகக் களி மாதிரி படிந்திருந்ததை அகப்பையால் வழித்து எடுத்தார்கள். அகப்பை என்னுடையது. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சரிசெய்ய அனுப்பினார்கள், வாட்டர் பம்ப் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, ரப்பர் குழாய்கள் தொட்டால் உதிர்ந்தன. பிரேக் சிலிண்டருக்கு, பழைய வண்டிச் சாமான் விற்கும் மல்லிக் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் வேறொரு வண்டியுடையதை வாங்கிவந்து கடைந்து பொருத்தினார்கள். மழைக்காலம் வந்தது. கூரை ஒழுகியது, ஒழுகிய இடத்தில் சட்டம் இற்றுப்போயிருந்தது. அதை வெட்டிப் புதுமரம் ஒட்டினார்கள். காகிதங்களைச் சரிசெய்ய இவர் அலைந்தது தனிக்கதை, அதை எழுத எனக்குப் பொறுமை இல்லை.

நான் வாரத்துக்கு ஒருநாள் சாப்பாடு கட்டிக்கொண்டு போவேன். காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும், பட்டறையின் கழிப்பறைக்குக் கதவு என்று ஒரு சாக்குதான் தொங்கும். போகும்போதெல்லாம் என் மூலை என்ன ஆயிற்று என்று கேட்பேன். முதலில் எஞ்சின் ஓடட்டும் என்பார். ஓடாத வண்டியில் கழிப்பறை இருந்தால் அது வெறும் கழிப்பறைதானே என்று மிஸ்திரி ஒத்து ஊதுவார். நியாயம்தான். ஆனால் அது இல்லாத வண்டி எனக்கு வெறும் லாரி என்பதை இரண்டு பேருக்கும் யார் சொல்வது? நான்தான் சொன்னேன், வாராவாரம் சொன்னேன்.

இந்த ஊர் ஆயுத பூஜையான விசுவகர்மா பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் எஞ்சின் ஓடியது. போனில் எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தார். பூஜையன்று கட்டாயம் வா, உன் மூலையும் தயார் என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை.

பூஜையன்று கிடர்பூர் பட்டறைகள் எதிலும் வேலை கிடையாது. அன்றைக்குப் பட்டம் விடுவது இந்த ஊர் வழக்கம், வானம் முழுக்கப் பட்டம். எங்கள் வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டுச் சந்தனம் வைத்திருந்தார்கள். பட்டறைக்குள் சிலையின் காலடியில் ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி, அளவு நாடா, தச்சு வேலை பென்சில் உட்பட சகலத்தையும் குவித்து, மேலே பூப் போட்டிருந்தார்கள். இலையில் கிச்சுரி, அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்தது, கொடுத்தார்கள். சாப்பிட்டானதும் இரண்டு பேரும் என்னை வண்டிக்குள் அழைத்துப்போய், மூலையில் புதிதாகப் போட்டிருந்த கதவைத் திறந்தார்கள்.

உள்ளே ஒரு கப்பல் கழிப்பறை இருந்தது. வெள்ளைப் பீங்கான், மரத்தில் இருக்கை, பக்கத்தில் கையால் அடிக்கிற பித்தளைப் பம்ப். உடைத்த கப்பல்களின் சாமான் விற்கும் கடையில் பிடித்ததாம். பம்பை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துவைத்திருந்தார்கள். மிஸ்திரி அடித்துக் காட்டினார். ஒரு குழாய் தண்ணீரை உறிஞ்சும், இன்னொன்று வெளியே தள்ளும். ரொம்ப அழகாகத்தான் இருந்தது.

வெளியே என்றால் எங்கே என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கீழே இறங்கிக் குனிந்து பார்த்தேன். வண்டியின் அடியில் இரண்டு குழாய்கள் நன்றாக வளைத்து முடுக்கி விடப்பட்டிருந்தன. ஒன்று கடலிலிருந்து தண்ணீர் எடுக்க, மற்றது கடலில் விட. இரண்டும் கிடர்பூர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆயுள் முழுக்கக் கப்பல்களோடு இருந்த இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு, இந்த வண்டிக்கு அடியில் ரோடுதான் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

முதலில் சிரித்தேன். மிஸ்திரியும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு எரிச்சல் ஏறிவிட்டது. வண்டிக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். மிஸ்திரி நாசூக்காகப் பட்டம் பார்க்கப் போய்விட்டார். இவர் பின்னாலேயே வந்து, குழாயை வெட்டி ஒரு தொட்டி வைத்துவிடலாம், ஒரு நாள் வேலை என்று ஆரம்பித்தார்.

"எனக்கு உட்கார இடம் வேண்டாங்க. நிக்க இடம் வேணும். நாலு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம், இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்றேன்.

"நீ கதவச் சாத்திக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பைகளை மாதாமாதம் வாங்கி வருகிறவர் அவர்தான். எந்த அளவு, ஒட்டும் பசை எந்த ரகம் என்று கடைக்காரருக்கே சொல்லித் தருவார். ஆனால் அது என் உடம்பில் எங்கே, எப்படி இருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. நான் பார்க்க விட்டதில்லை. குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உள்ளே குழாயையும் திறந்துவிட்டுக்கொள்வேன், சத்தம்கூட வெளியே போகக்கூடாது என்று.

அன்றைக்கு வண்டிக் கதவைச் சாத்தச் சொன்னேன். சாத்திவிட்டு வந்தார். அந்த மூலையில் போய் நின்று குர்தாவைத் தூக்கிக் காட்டினேன். இப்படி நிற்பேன், இப்படிக் குனிவேன், இடது கையால் பையின் நுனியைப் பிடிப்பேன், வலது கையில் தண்ணீர்க்குழாய் வேண்டும், பஞ்சும் புதுப்பையும் வைக்க வலப்பக்கம் ஒரு பலகை வேண்டும், துணி நழுவாமல் மாட்ட ஒரு கொக்கி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். முகத்தைப் பார்க்கவில்லை. முகம் சுளித்தால் தெரிந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

அவர் ஒழுகுகிற பம்பைப் பார்ப்பது மாதிரி, தலையைச் சாய்த்துக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கண்ணாடி எந்தச் சாய்வில் இருந்தால் குனியாமல் உனக்குத் தெரியும் என்று கேட்டார். நான் அதுவரை யோசிக்காத விஷயம்.

அளக்க வேண்டும். அளவு நாடா பூஜையில் இருந்தது. எங்கள் ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருந்தாலும், சாமி முன்னால் வைத்த சாமானை அன்றைக்கு எடுக்கக்கூடாது என்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் கிடையாது. எடுத்து வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை, எடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, கையை விரித்துச் சாண் போட ஆரம்பித்தார். தரையிலிருந்து முழங்காலுக்கு இரண்டு சாண். அப்படியே மேலே ஏறி, பையின் வாய் வரைக்கும் நாலு சாண், நாலு விரல். கடைசி நாலு விரலை என் வயிற்றின்மேல் வைத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த இடத்தில் டாக்டர் கை, நர்ஸ் கை, என் கை தவிர வேறு கை பட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆடினால் அளவு தப்பும் என்று கண்ணைத் துடைக்காமலே நின்றேன். என் கைப்பையிலிருந்த பேனாவை வாங்கிச் சுவரில் கோடு போட்டார்.

மறுநாள் கப்பல் கழிப்பறையைக் கழற்றினார்கள். பம்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று இவர் கெஞ்சினார், சரி என்றேன். அது இப்போது கூரைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. இடுப்பு உயரத்தில் எவர்சில்வர் தொட்டி, அடியில் இறுக்கமான மூடி போட்ட இன்னொரு தொட்டி, அதை வீட்டுக்கு வந்து காலி செய்துகொள்ளலாம். பலகை, கொக்கி, சாய்ந்த கண்ணாடி எல்லாம் கோடு போட்ட இடத்தில் வந்தன. மிஸ்திரி வேலை முழுவதையும் செய்து முடித்தார், இது எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசி நாள் மட்டும், பிரேக் போட்டாலும் பௌதி விழாமலிருக்க இது என்று சொல்லி ஒரு கைப்பிடியைத் தானாகவே அடித்துக் கொடுத்தார்.

துர்கா பூஜைக் கூட்டமெல்லாம் ஓய்ந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளோட்டம். ஆற்றுப் பாலம் தாண்டி சாந்த்ராகாச்சி வரை போய்த் திரும்ப வேண்டும், அதற்கு மேல் போகக்கூடாது என்பது மிஸ்திரியின் உத்தரவு. பாலத்து ஏற்றத்தில் சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிவிடுவார் போலிருந்தது. அப்புறம் கோனா ரோட்டில் வழக்கமான நெரிசல், முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. அங்கேதான் எனக்குப் பை கனத்தது.

சொன்னேன். அவர் மெதுவாக ஓரங்கட்டி ஒரு டீக்கடைக்கு முன்னால் நிறுத்தினார். நான் உள்ளே போனேன். தாழ்ப்பாள் இருந்தது, போடவில்லை. கொக்கி சரியான உயரத்தில் இருந்தது. கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனதில் வண்டியே அதிர்ந்தது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். ஆறு நிமிஷத்தில் கை கழுவிவிட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தேன். எப்படி என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சாந்த்ராகாச்சியில் திரும்புவதற்கு இண்டிகேட்டர் போட்டார்.

"திரும்பாதீங்க. நேரா போங்க" என்றேன்.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இண்டிகேட்டரை அணைத்தார். பாதி வழியில் கோலாகாட்டில் நிறுத்தி மிஸ்திரிக்கு போன் செய்து திட்டு வாங்கிக்கொண்டார். நான் தங்கைக்கு போன் செய்து, வந்துகொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன். அதற்குள் இன்னொரு தடவை உள்ளே போய்விட்டு வந்திருந்தேன்.

மத்தியானம் கரக்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸ் தெருவில் வண்டி நுழைந்தபோது தங்கை கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய வண்டியை அவள் பார்க்கக்கூட இல்லை. நான் இறங்கியதும் கையைப் பிடித்து அவசர அவசரமாக உள்ளே இழுத்தாள். "அக்கா, பாத்ரூம் இந்தப் பக்கம். வாளில தண்ணி பிடிச்சு, லைட்டும் போட்டு வச்சிருக்கேன். யாரும் வரமாட்டாங்க, நீ போ" என்றாள்.

"வேண்டாம்டி, வழியிலேயே போய்ட்டு வந்துட்டேன்" என்றேன். "வா, உக்காந்து பேசலாம்."