கிளியர் இல்லாத காணி

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 'கிளியர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கருத்து எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். "எத்தினை கருத்து இருக்கு, அப்பா?" என்றாள். மேகமில்லாத வானம், கலங்காத தண்ணீர், விளங்கும் பேச்சு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்ததற்கு வாய் வரவில்லை. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

போர் முடிந்து சனம் ஊர் திரும்பிய காலம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு நிவாரண நிறுவனத்தில் நான் மொழிபெயர்ப்பாளன். தறப்பாள் கொட்டகைதான் எங்கள் அலுவலகம், கந்தோர் என்போம். வெயிலில் தறப்பாள் காயும் மணம் எங்கே வந்தாலும் இன்றைக்கும் விலகி நடப்பேன். கழுத்தில் அட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனை. எனக்குத் தெரியாத இங்கிலீசு இல்லை என்ற நினைப்பு வேறு.

பார்வதியம்மா மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். மகளோடு முகாமில் இருந்தார். தன் காணிக்கு எப்போது போகலாம் என்று கேட்க வந்தார். வெள்ளைக்கார அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, "ஹேர் லாண்ட் இஸ் நொட் கிளியர்" என்றார்.

அந்த நாளில் வன்னியில் கிளியர் என்றால் கண்ணிவெடி எடுப்பதுதான்.

"அம்மா, இன்னும் வெடி எடுத்து முடியேல்லை. அங்கால போகாதேங்கோ. முடிய நாங்களே சொல்லுவம்" என்றேன்.

"சரிங்க தம்பி."

அதிகாரியிடம் ஒருமுறை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் என் இங்கிலீசின் மானம் என்னாவது?

நாலு மாதம் கழித்து அதிகாரியின் குறிப்புகளைத் தட்டச்சுச் செய்தபோதுதான் கண்டேன். அந்தக் காணியில் வெடியே இருக்கவில்லை. உரிமைப் பத்திரம்தான் தெளிவில்லை. குறித்த திகதிக்குள் சாட்சியோடு வந்து பதியவேண்டும் என்றிருந்தது. திகதி எப்போதோ கடந்துவிட்டது. சைக்கிளில் காணிப் பதிவுக் கந்தோருக்கு ஓடிப்போய் விசாரித்தேன். காணி வேறொருவர் பேருக்குப் போயிருந்தது.

முகாமுக்கு வந்து பார்வதியம்மாவிடம் காணி போன செய்தியைச் சொன்னேன். "கந்தோரில ஏதோ பிழை விட்டிட்டினம், அம்மா" என்றேன். 'நான்' என்ற சொல் வரவேயில்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போனாப் போகுது தம்பி. அன்னிக்கு நீங்க தடுக்கலேன்னா எம்புள்ளைக்குக் கால் போயிருக்கும்."

அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு கந்தோருக்குத் திரும்பினேன்.

முகாம் கலைந்தது. நிறுவனமும் அதிகாரியும் நாட்டைவிட்டுப் போனார்கள். உண்மையைக் கேட்க உரிமையுள்ளவர் பார்வதியம்மா ஒருவர்தான் மிச்சம். மகளைக் கட்டிக்கொடுத்த பூவரசங்குளத்தில் இருக்கிறார் என்று அறிந்து, போன வருடம்தான் பஸ் ஏறினேன்.

அவர் மகள் இருக்கச் சொல்லிக் கதிரை எடுத்துப் போட்டாள். "அம்மா செத்து ரெண்டு வருசம் ஆச்சு. நீங்க யாருங்க?"

"முந்தித் தெரிஞ்ச ஆள்" என்றேன். தேத்தண்ணி தந்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.