அமெரிக்க மாப்பிள்ளைக்கு வைத்த பரீட்சை

அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒருவருக்கு என் லாத்தாவை, அதாவது அக்காவை, பெண் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் வாப்பா நேராக ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்குப் போனார். அமெரிக்காவைப் பற்றிப் புதிதாக வந்திருந்த மூன்று தடித்த ஆங்கிலப் புத்தகங்களோடு திரும்பி வந்தார். பெண்ணைப் பெற்றவர்கள் இந்த மாதிரி நேரத்தில் நகைக்கடைக்குத்தான் போவார்கள் என்று உம்மா முணுமுணுத்தாள்.

"நகையை மாப்ளயோட உம்மா பாத்துக்குவாங்க. மாப்ள என்கிட்ட எதைப் பத்திப் பேசுவாரு? பெட்டி விக்கிறதைப் பத்தியா?" என்றார் வாப்பா.

அவருக்குத் துபாயின் தேரா கடைவீதியில் பயணப்பெட்டிக் கடை. அமெரிக்காவில் இருக்கும் மனிதர் அமெரிக்காவின் வரலாற்றைத்தான் காலையும் மாலையும் பேசிக்கொண்டிருப்பார் என்று அவர் உறுதியாக நம்பினார். ஆனால் அவருடைய ஆங்கிலம் கடை வாசலைத் தாண்டி வராது. ஆகவே படிக்கும் பொறுப்பு லாத்தாவின் தலையில் விழுந்தது. அவள் தபால் வழியில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பகலில் படித்ததை, வாப்பா இரவு சாப்பிட உட்காரும்போது தமிழில் சொல்ல வேண்டும்.

முதல் புத்தகம், வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போரைப் பற்றியது. மனிதர்களை அடிமையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவா ஒரு நாடே இரண்டாகப் போனது என்று கேட்டுக்கொண்டே உம்மா ரொட்டியைத் தீயவிட்டாள். இரண்டாவது, ரயில்பாதை போடச் சீனாவிலிருந்து வந்த கூலிக்காரர்களைப் பற்றியது. அவர்கள் பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுக் கூடாரத்தில் கும்பலாகக் கிடந்தார்கள் என்று லாத்தா சொன்னதும் வாப்பா கையைச் சோற்றிலேயே வைத்தபடி இருந்துவிட்டார். "இது நம்ம சோனாப்பூர் லேபர் கேம்ப் கதையால்ல இருக்கு!" மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதை சொல்லப்பட்டது. பெட்டி வாங்க வந்தவர்கள் சிலர் வாங்காமலே தப்பித்து ஓடியதாகக் கேள்வி.

மூன்றாவது புத்தகம்தான் வினையாகப் போயிற்று. அது இப்போதைய அமெரிக்கர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பற்றியது. தெரு அகலமாம், வீடு பெரிதாம், ஆனால் அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பலருக்குத் தெரியாதாம். நாங்கள் இருந்ததோ ஷார்ஜாவில், நெரிசலான ரோலாவில். எங்கள் அடுப்பில் வெங்காயம் வதங்கினாலே அடுத்த ஃபிளாட்டிலிருந்து என்ன குழம்பு என்று கேட்டு ஆள் வந்துவிடும். லாத்தாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் வேலைக்குப் போன பிறகு நான் அந்தப் பெரிய வீட்டில் யாரோடு பேசுவேன் என்று உம்மாவிடம் அழுதாள். சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. மாப்பிள்ளையும், அவரைப் பார்க்க அமெரிக்கா போயிருந்த அவருடைய உம்மாவும் ஊருக்குத் திரும்பும் வழியில் துபாயில் இறங்கி ஒரு பகல் மட்டும் தங்குவார்கள். அவர்கள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவதற்குள் லாத்தா பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த நாளும் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் வழக்கம் எங்களிடம் கிடையாது. ஹாலில் வாப்பாவும் மாப்பிள்ளையும். திரைக்கு இந்தப்பக்கம் படுக்கையறையில் லாத்தா, உம்மா, மாப்பிள்ளையின் உம்மா. ஒன்பது வயதுக்காரியான எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் விசா இருந்தது.

மாப்பிள்ளை ஒல்லியாக, சாதுவாக இருந்தார். வட்டலப்ப இனிப்பில் ஒரு வாய் எடுப்பதற்குள் வாப்பா தொடங்கிவிட்டார். "தம்பி, வடக்குக்கும் தெற்குக்கும் தகராறு வந்தப்ப மொதல்ல பிரிஞ்சு போன மாநிலம் எது?"

கரண்டி பாதி வழியில் நின்றது. "தெரியாது மாமா."

வாப்பா மகிழ்ச்சியோடு விடையைத் தானே சொன்னார். பிறகு சீனாக்காரர்களையும் ரயில்பாதையையும் எடுத்தார்.

"அதுவும் தெரியாது மாமா. நான் பஸ்ஸுலதான் ஆபீஸ் போறேன்."

உள்ளே அவருடைய உம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எம் மவன் பொண்ணு பாக்க வந்திருக்கானா, பரீட்சை எழுத வந்திருக்கானா?" என்றார். என் உம்மா பதறிப்போய் அவர் தட்டில் சமோசாவாக அடுக்கினாள். மனிதர் எல்லாவற்றிலும் முட்டை வாங்குகிறார், இந்தக் கல்யாணம் நடக்காது என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போது லாத்தா என்னை அருகே இழுத்துக் காதில் சொன்னாள். "அவர்ட்டப் போயி, அடுத்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேளு. நான் கேட்டேன்னு சொல்லு."

இதுவாவது சுலபமான கேள்வி என்ற நிம்மதியோடு போய்க் கேட்டேன். வாப்பா ஒன்றும் புரியாமல் விழித்தார். மாப்பிள்ளை தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரையின் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"தெரியாதும்மா. பாத்தா கையாட்டுவாங்க, நானும் கையாட்டுவேன். கதவைத் தட்டிப் பேரு கேக்கலாம்னு எத்தனையோ தடவை நெனச்சிருக்கேன். தனியாப் போகக் கூச்சமா இருக்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க லாத்தா வந்தா ரெண்டு பேருமாப் போயிக் கேக்கலாம்னு சொல்லு" என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு விடை சொன்னால் பெஞ்சு மேல் நிற்க வேண்டியதுதான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போய் அப்படியே ஒப்பித்தேன்.

"அவரு சொன்ன மாதிரியே சொல்லு" என்றாள் லாத்தா. சொன்னேன். "ரெண்டு பேருமான்னா சொன்னாரு?" ஆமாம் என்றேன். அவள் உம்மாவின் தோளில் முகத்தை வைத்து ஏதோ சொன்னாள். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாப்பாவுக்குச் சேதி சொல்ல விரைந்தாள். அடுத்த நிமிடம் ஹாலில் வாப்பாவின் "அல்ஹம்துலில்லாஹ்" கேட்டது.

ஒரு கேள்விக்குக்கூட விடை தெரியாதவரை லாத்தா எப்படித் தேற வைத்தாள் என்று நான் திகைத்து நின்றேன். அவளோ என் கையை விடுவதாக இல்லை. திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு என்று சிரித்துக்கொண்டே உயிரை எடுத்தாள். தப்பான விடையை இத்தனை தடவை கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.