ஒரு வீட்டில் மட்டும் சொல்லாத பயணம்

போன கிழமை மோல்டாவிலிருந்து மகள் வீடியோவில் அழைத்தாள். படுக்கை விரிப்பைத் தோளோடு போர்த்தியிருந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஜன்னலில் கடல் நீலமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, வெளியிலை நல்ல வெய்யில். வீட்டுக்குள்ளைதான் ஃப்ரீசிங். அந்த மஞ்சள் ஸ்வெட்டரை அனுப்பி விடுங்கோ."

நான் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன். வேலையை மடிக்கணினிக்குள் வைத்துக்கொண்டு இனி மோல்டாவில்தான் இருக்கப்போகிறேன் என்று செப்டெம்பரில் அவள் பெட்டி அடுக்கியபோது, அதே ஸ்வெட்டரை நான் உள்ளே வைத்தேன். அவள் அதை இரண்டு விரலால் தூக்கி வெளியே வைத்தாள். மத்தியதரைக் கடல் தீவுக்கு யாராவது கம்பளி கொண்டு போவார்களா என்று கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் வளர்ந்தபின் தாய்மாருக்கு அந்த ஒரு வேலைதானே மிச்சம்.

அலுமாரியைத் திறந்தேன். பூச்சி உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. ஸ்வெட்டர் அடித்தட்டில் இருந்தது. கடுகு மஞ்சள் நிறம், முழங்கை இரண்டும் தேய்ந்து மெலிந்துவிட்டன. மூக்கில் வைத்து முகர்ந்தால் பூச்சி உருண்டைக்கு அடியில் இன்னும் மீன்குழம்பு மணப்பதாக எனக்குத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம். ஆனால் அதைப் பின்னியவர் சமைத்த மீன்குழம்பின் மணம், சுவரில் புதிதாக அடித்த பெயின்டையும் தாண்டி நிற்கக்கூடியதுதான்.

பின்னியவர் என் மச்சாள், அதாவது என் கணவருடைய அக்கா. லண்டனில், லூயிஷாமில் இருந்தார். எண்பதுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது ஒரு அறையை ஒழித்துத் தந்து, என் கணவருக்குப் பெற்றோல் நிரப்பும் செட்டில் வேலையும் பிடித்துக் கொடுத்தவர். அக்கா முன்னால் இவர் நாற்பது வயதிலும் கால்மேல் கால் போட்டதில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தூரப் பயணம் போகிறவர்கள் போவதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். "போறம்" என்று சொல்லக்கூடாது, "போட்டு வாறம்", அதாவது போய்விட்டு வருகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் "போட்டு வாங்கோ" என்று வாய் நிறையச் சொன்னால்தான் பயணம் பூர்த்தி. ஒரு வீட்டை விட்டுவிட்டால் பத்து வருடத்துக்குக் கதை இருக்கும்.

அந்த வழக்கத்தை நாங்கள் இரண்டு பேரும் அனுபவித்ததே இல்லை. நாட்டு நிலைமை அப்படி. இவர் ஒரு விடியற்காலையில், தாயிடம் தோட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர். நான் கண் டொக்டரிடம் கொழும்புக்குப் போகிறேன் என்று அக்கம்பக்கத்துக்குப் பொய் சொல்லிவிட்டு வந்தவள். என் கண்கள் இன்றுவரை நன்றாகத்தான் இருக்கின்றன. இவருடைய தாயை அதற்குப் பிறகு இவர் காணவில்லை.

ஆகவே, தொண்ணூறுகளின் நடுவில் சைப்பிரஸ் போகும் வாய்ப்பு வந்தபோது, என்னைவிட இவருக்குத்தான் கொண்டாட்டம். தேம்ஸ் கரையோரம் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி சைப்பிரஸ்காரர். அலுவலகத்தை அங்கே லிமாசோல் நகருக்கு மாற்றப்போகிறேன், நீயும் வா, வீடு தருகிறேன் என்றார். கையில் புத்தம் புதுப் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது. ஒளிக்காமல், பொய் சொல்லாமல், பகலில் போகலாம். "இந்தப் பயணத்தை நான் ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டுத்தான் போவன்," என்றார் இவர்.

சொன்னோம். நாள் பார்த்து, செவ்வாய்க்கிழமை தவிர்த்து, ராகு காலம் தவிர்த்து, மூன்று வயது மகளையும் இழுத்துக்கொண்டு ஃபாரஸ்ட் கேட், அப்டன் பார்க், ஈஸ்ட்ஹாம் என்று ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் சாப்பாடு. ஒரு பின்னேரத்தில் மூன்று வீட்டு ரோல்ஸ் சாப்பிட்டு நான் நான்காவது வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் மிளகாய்த்தூள் தந்தார்கள். சைப்பிரஸ் எங்கே இருக்கிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு லண்டன் வந்து சேர்ந்தவர்கள், லண்டனை விட்டு வேறெங்கோ விருப்பத்தோடு போவதா என்பதுதான் அவர்களுக்கு விளங்கவில்லை.

"மனுசிக்குப் பின்னாலை போறீரோ?" என்று அப்டன் பார்க்கில் ஒருவர் இவரைச் சீண்டினார்.

"ஓம் அண்ணை. பத்து வருசமாப் பெற்றோல் செட்டிலை கண்ணாடிக்குப் பின்னாலை நிண்டனான். மனுசிக்குப் பின்னாலை நிக்கிறது சுகம்."

அந்த ஒரு பதிலுக்காகவே இவரை நான் இன்னொரு முறை கட்டியிருப்பேன்.

கடைசியாக லூயிஷாம். மச்சாளுக்குச் செய்தி தொலைபேசியில் ஏற்கனவே போய்விட்டது. எங்களைக் கண்டதும் மேசையில் மீன்குழம்பை வைத்தார். இவர் தொண்டையைச் செருமி, "அக்கா, நாங்கள்…" என்று தொடங்கினார்.

"மீன் போதுமோ?" என்றார் மச்சாள்.

சாப்பிட்டு முடித்து இவர் மறுபடி தொடங்கினார். மச்சாள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். மூன்றாவது முறை இவர் வாய் திறந்தபோது, அக்கா குப்பை வண்டி வரும் நாள் என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். சொல்லாமலே ரயிலேறினோம். "அக்கா வாய் திறந்து சொல்லாமல் நான் பிளேன் ஏற மாட்டன்," என்றார் இவர். அவர் குரலில் விளையாட்டு இல்லை. தாயிடம் சொல்லாமல் வந்தவர், தாயின் இடத்தில் இருந்த அக்காவிடமும் சொல்லாமல் எப்படிப் போவார்? இவர் வேலையை விட்டாயிற்று, வீட்டுச் சாவியைக் கொடுக்கும் நாளும் வந்துவிட்டது.

சாவியைக் கொடுத்த அன்று காலையில்தான் முதலாளியிடமிருந்து செய்தி வந்தது. அங்கே வேலை அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, சில கிழமைகள் பொறுக்கச் சொன்னார். ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷன் வாசலில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தோம். எந்த வீட்டுக்குப் போவது? ஒவ்வொரு வீட்டிலும் "போட்டு வாங்கோ" வாங்கியாயிற்று. அப்டன் பார்க் வீட்டில் நெற்றியில் விபூதி பூசிக் கண்ணீரோடு வழியனுப்பியிருந்தார்கள். அந்தக் கண்ணீர் காயுமுன் பெட்டியோடு போய்க் கதவைத் தட்ட முடியுமா? பயணம் சரிவரவில்லையாம் என்ற கதை மாலைக்குள் லண்டனின் மறுகோடி வெம்பிளிவரை போய்விடும்.

இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். லண்டன் முழுவதிலும் நாங்கள் மானத்தோடு நுழையக்கூடிய வீடு ஒன்றே ஒன்று. பயணம் சொல்லாத வீடு.

மச்சாள் கதவைத் திறந்தார். பெட்டிகளைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்கள் எனக்கு இன்னும் பயணம் சொல்லேல்லைத்தானே," என்றார். "உள்ளுக்கு வாங்கோ. பிள்ளை குளிருக்குள்ளை நிக்கிறாள்."

அந்தக் கிழமைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். நாங்கள் பகலில் வெளியே தலைகாட்டவில்லை. கோயில் நடை தூரத்தில்தான், ஆனால் வெள்ளிக்கிழமை அங்கே பாதி ஈஸ்ட்ஹாம் வந்து நிற்கும். சந்தைக்கும் மச்சாள்தான் போவார். தொலைபேசி அடித்தால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். "ஓம் ஓம், போட்டினம். சுகமாப் போய்ச் சேர்ந்திட்டினம். நல்ல வெய்யிலாம்," என்று பொய்யே பேசாத அந்த மனுசி எங்களுக்காகக் கூசாமல் சொன்னார். ஒருமுறை மகள் பின்னாலிருந்து "மாமி, பாத்ரூம்" என்று கத்தினாள். "அது ரீவிச் சத்தம்," என்றார் மச்சாள்.

மாலைகளில் மச்சாள் கடுகு மஞ்சள் நூலை மடியில் போட்டுப் பின்னிக்கொண்டே இருந்தார். எங்கள் பயணத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசவில்லை. ஒரு பின்னேரம் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நான் துணிந்து கேட்டேன்.

"மச்சாள், நாங்கள் போறது உங்களுக்கு விருப்பமில்லையோ?"

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "போட்டு வாறன் எண்டு அம்மாட்டைச் சொல்லிப்போட்டு இஞ்சை வந்தனான். திரும்பிப் போகேலாமல் போச்சு. தம்பி சொல்லாமல் வந்தான். அவனாலையும் ஏலேல்லை. சொல்லியும் வராட்டி, சொல்லாமலும் வராட்டி, பிறகு என்னத்துக்கு அந்தச் சொல்லு?"

இவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. உள்ளே வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். "அக்கா, அது திரும்பேலாத ஊர். இது நாலரை மணித்தியாலப் பிளேன். ஒவ்வொரு டிசெம்பரிலையும் நத்தார் லீவுக்கு இந்தக் கதவைத் தட்டுவன். வேலை முடிஞ்சால் முதல் இஞ்சைதான் வருவம்," என்றார். மச்சாள் வெங்காயத்தை எடுத்து மீண்டும் உரித்தார்.

அனுமதி வந்தது. பயணநாள் காலையில் மச்சாள் தொலைபேசியை எடுத்தார். நான் தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு வீடாக அழைத்து, "ஓம், இஞ்சைதான் இருந்தவை. இண்டைக்குத்தான் பயணம். ஹீத்ரோவுக்கு வாங்கோ," என்று அறிவித்துக்கொண்டிருந்தார். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

வந்தார்களே! வான் பிடித்து, குழந்தை குட்டியோடு, ரோல்ஸ் பெட்டியோடு வந்தார்கள். போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று நம்பியிருந்தவர்கள் எல்லோரும் எங்களைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "சைப்பிரஸ் வெய்யில் எப்பிடி?" என்று அப்டன் பார்க்காரர் கேட்டார். வெயில் காயப் போகும் வெள்ளைக்காரப் பென்சன்காரர்கள், இது யார் மந்திரி குடும்பமோ என்று எட்டிப் பார்த்தார்கள். பத்து வருடத்துக்கு முன் அதே ஹீத்ரோவில் இவர் அகதி விசாரணைக்காக ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து ஒரு நாள் முழுதும் தலை குனிந்து காத்திருந்தவர். அன்று கூட்டத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றார். என் வாழ்க்கையில் நான் கண்ட பெரிய ஊர்வலம் அதுதான்.

உள்ளே போகும் நேரம். இவர் அக்கா முன்னால் போய் நின்றார்.

"அக்கா, போட்டு வாறம்."

மச்சாள் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து என் கையில் திணித்தார். "அங்கை வெய்யிலெண்டு எல்லாரும் சொல்லினம். எதுக்கும் இருக்கட்டும்." பிறகு இவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "போட்டு வாங்கோ," என்றார். ஹீத்ரோ முழுவதும் கேட்டிருக்கும். இவர் அழுதார், நானும் அழுதேன். வெட்கமே இல்லை.

லிமாசோலில் சலவைக்கல் தரை. சூடாக்கி கிடையாது. முதல் ஜனவரியில் நான் அலுவலகத்தில் ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை. அயலில் இருந்த ஆங்கிலேயர்கள் எங்களையும், விரும்பி அயல்நாட்டில் வாழ்பவர்கள் கூடும் தங்கள் எக்ஸ்பாட் தேநீருக்கு அழைத்தார்கள். "முதல் அகதி, பிறகு இமிக்ரண்ட், இப்ப எக்ஸ்பாட். நல்ல புரமோஷன்," என்றார் இவர். நத்தார் தவறாமல் லூயிஷாம் கதவைத் தட்டினார். ஏழு வருடம் கழித்து மூட்டை கட்டித் திரும்பியபோதும் முதலில் அங்கேதான் போனோம். "வந்திட்டியளோ," என்றார் மச்சாள், சந்தைக்குப் போய் வந்தவர்களைக் கேட்பதுபோல். மேசையில் மீன்குழம்பு இருந்தது.

இப்போது அந்த வீட்டு மணியை அழுத்தினால் வேறு யாரோ வருவார்கள். மச்சாள் போய் எட்டு வருடமாகிறது. பெற்றோல் செட் இருந்த இடத்தில் மாடி வீடுகள். ஹீத்ரோவுக்கு வான் பிடித்துப் போகும் கூட்டமும் இல்லை. மகள் செப்டெம்பரில் போகும்போது, மாமா மாமிமாருக்குச் சொன்னாயா என்று கேட்டேன். "ஃபோனிலை ஸ்டோரி போட்டிருக்கிறன்தானே அம்மா, எல்லாரும் பாப்பினம்," என்றாள். பார்த்திருப்பார்கள். இதயம் போட்டிருப்பார்கள். டாக்ஸி வந்தது, எனக்குக் கை காட்டினாள், போய்விட்டாள்.

ஸ்வெட்டரைப் பெட்டியில் மடித்து வைத்தேன். மேலே ஒரு பை மிளகாய்த்தூளும் வைத்தேன். பெட்டியை ஒட்டுவதற்கு முன் வீடியோவில் மகளை அழைத்தேன். தொலைபேசியை விளக்கடியில் சாய்த்து வைத்து, "நீ எனக்கு இன்னும் பயணம் சொல்லேல்லை," என்றேன்.

அவள் விரிப்புக்குள்ளிருந்து விழித்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, எழுந்து நேராக நின்றாள்.

"போட்டு வாறன் அம்மா."

"போட்டு வா," என்றேன், அயலுக்கெல்லாம் கேட்கும்படி.