அசையாமல் கேட்ட கதை

தான் கொஞ்சமும் நம்பாத ஒன்றைச் சொல்லி ஒருவர் இன்னொருவரைத் தேற்றலாமா? ஆஸ்பத்திரியில் சவர வேலை பார்த்த அவரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் வருகிறது.

ஆப்பரேஷனுக்கு முன் நோயாளிகளுக்கு மழித்துவிட வேண்டும். தோலில் சின்னக் கீறல் விழுந்தாலும் டாக்டர் ஆப்பரேஷனைத் தள்ளிவைத்துவிடுவார். பயந்தவர்களோ நடுங்குவார்கள். அதனால் இவர் மழித்துக்கொண்டே, செத்தபின் போகிற இடத்தைப் பற்றிக் கதை சொல்வார். வார்டில் அவருக்கு ‘மேலோகம்’ என்றே பெயர்.

“அங்கயும் வரிசைதாண்ணே. வாசல்ல ஒருத்தன் உக்காந்துக்கிட்டு, ‘சாப்பாட்டு நேரம், அப்புறம் வா’ம்பான்.”

சிரிப்பு வரும் இடத்தை, தோலிலிருந்து கத்தியை எடுத்த பிறகே சொல்வார். உடம்பு அசையக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். அவரை ஞானி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் அவர் மனைவியே அவர் முன்னால் சவர நாற்காலியில் உட்கார்ந்தார். மூளையில் கட்டி. இனியும் தள்ளிப்போட்டால் பிழைப்பது கடினம் என்று சொல்லியிருந்தார்கள். மகள் பக்கத்தில் நின்றாள். கத்தி பட்டதுமே அந்த அம்மாளின் தோள் உதறியது.

கணவர் வழக்கம்போல ஆரம்பித்தார். “மேல போனதும் மொதல்ல...”

“நிறுத்துங்க. ஊரை ஏய்ச்சது போதும். உங்களுக்கே அதுல நம்பிக்கை கெடையாது. எங்கிட்ட பொய் வேணாம்.”

அவர் கத்தியைத் தண்ணீரில் அலசி மறுபடி வைத்தார்.

“சரி, நெசமா நடக்கப்போறதைச் சொல்றேன். நீ இல்லாத வீட்டுல எந்திரிக்கிறேன். சோறு குழைஞ்சு போச்சு. குழைச்சவன் நானாச்சே, யாரைத் திட்ட? வாயை மூடிக்கிட்டுத் திங்கறேன்.”

“நல்லா வேணும்.”

“சர்க்கரைன்னு உப்பை அள்ளி டீயில போடறேன்.”

“செவப்பு மூடிதான் சர்க்கரை. இத்தனை வருஷமா அதுகூடவா தெரியாது? ம்... அப்புறம்?”

“அப்புறம் என்ன, அந்த வீட்டுலயேதான் கெடப்பேன். வேற எங்க போறது?”

அந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் வாழ்நாள் முழுக்க வீட்டில் செய்த வேலையை இன்னொருவர் வாயால் கேட்டது அன்றுதான். உடம்பு அசையவில்லை. ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆப்பரேஷன் நடந்தது. அந்த அம்மாள் கண் விழிக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த கையோடு கணவர் வாடகை வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தார். பாத்திரம் பண்டத்தைத் தொடவே இல்லை. ஒரு துணிப்பையோடு ஆஸ்பத்திரி ஊழியர் அறைக்கு வந்துவிட்டார்.

மகள் வார்டுக்கே வந்து கேட்டாள்: “ஏம்ப்பா, அந்த வீட்டுலயே இருப்பேன்னுதானே அம்மாகிட்ட சொன்னீங்க?”

அவர் பிரஷை வெந்நீரில் நனைத்தபடி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.