நார்பர்ட் கேமராவுக்குச் சொன்ன சாட்சி

நார்பர்ட் தன் தங்கை ஜேனட்டுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். மீன்பிடி வள்ளத்து எஞ்சின் பழுதாகிக் கிடந்தபோது, "ஒரு மாசத்துல தாறேன்" என்று வாங்கியது. பதினோரு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் பொழியூர்க் கடல் ஏறி வந்து ஜேனட்டின் அடுக்களையை ஒரே மத்தியானத்தில் எடுத்துக்கொண்டு போனது. அவளும் மகள் ஜெஸ்மியும் பள்ளிக்கூட முகாமில் பாய் விரித்துக் கிடந்தார்கள். காஞ்சிரங்குளத்தில் ஒரு வாடகை வீடு பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் அதுவும் கைவிட்டுப் போகும்.

நார்பர்ட் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். அதற்காக யாரும் இளக்காரமாக நினைத்துவிட வேண்டாம். பதினாறு வயதில் அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்கு ஏறியவர், நாற்பதில் சொந்த வள்ளம் இறக்கினார். பேங்க் மேனேஜரே எழுந்து நின்று தனக்கு வணக்கம் வைத்தார் என்பார். மேனேஜர் எழுந்தது ஃபேன் போட என்பாள் ஜேனட். கேரள எல்லையோரத்து மனிதர், இரண்டு மொழியும் நாப்பழக்கம். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் தமிழில், சண்டை மலையாளத்தில்.

அந்த இரட்டை நாக்கைத் தேடித்தான் பாறசாலையில் கல்யாண வீடியோ எடுக்கிற அனூஜ் வந்தான்.

"அண்ணா, ஒரு பெரிய பெட்ரோல் எண்ணெய்க் கம்பெனிக்குப் படம். ரெண்டு பாஷையிலயும் பேசுத கடல்காரன் வேணுமாம். இருபதாயிரம் ரூபா. ரெண்டாயிரம் இப்ப, பாக்கி படம் காட்டுத அன்னைக்கு."

"இருபதா? எனக்கா?"

"ஒங்க மொகத்துக்கு இல்ல, நாக்குக்காக்கும்."

பேச வேண்டியதை ஒரு தாளில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். கடல் ஏறுவதும் இறங்குவதும் இயற்கை, ஆதியிலிருந்தே அப்படித்தான், எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எண்ணெய் இல்லாவிட்டால் மீனவன் வீட்டில் உலை கொதிக்காது.

நார்பர்ட் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தனுவச்சபுரத்தில் காலேஜ் படிக்கிற ஜெஸ்மி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். எண்ணெயும் கரியும் எரித்த புகையில் பூமி சூடாகுது மாமா, அந்தச் சூட்டில்தான் கடல் பெருகுது, இது பெரிய கம்பெனிகளுக்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே தெரியும், தெரிந்துகொண்டே இல்லை என்று சொல்ல ஆள் பிடித்தார்கள் என்று. இப்போது பிடிபட்ட ஆள் தான்தான் என்பது நார்பர்ட்டுக்கு விளங்கியது. இருபதாயிரத்துக்குப் போகிற ஆள் என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

படம் எடுக்கிற அன்று, சென்னையிலிருந்து வந்த கம்பெனி ஆபீசர் பளபளக்கும் ஷூவோடு மணலில் நின்றார். நார்பர்ட் தமிழில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்.

"பிரமாதம் அய்யா! இதையே அப்படியே மலையாளத்துல."

நார்பர்ட் அதே முகத்தோடு, அதே கையசைப்போடு பேசினார். கரை மலையாளம், அதுவும் காற்றுக்கு எதிரே கத்திப் பழகிய வேகம். ஒரு சொல்லும் பிடிபடாத ஆபீசர் அனூஜைப் பார்த்தார்.

"அதேதானே சொல்றார்?"

அனூஜ் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனுடைய பில்லுக்கும் படம் காட்டுகிற அன்றைக்குத்தான் காசு. "அதேதான் சார். கொஞ்சம் உணர்ச்சியா சொல்லுதாரு."

சனிக்கிழமை தேவாலய ஹாலில் பெரிய திரை கட்டினார்கள். பிரியாணி உண்டு என்றதால் கரையே வந்தது. முதலில் தமிழ் ஓடியது. கடல் ஏறுவது இயற்கை என்று நார்பர்ட் திரையில் புன்னகைத்தார். ஜேனட் எழுந்தாள்.

"எனக்க அடுக்களை போனது இயற்கையா? நீ எனக்க கூடப்பெறந்தவன்தானா?"

"இரிடீ, படம் முடியல்ல" என்றார் நார்பர்ட்.

அடுத்து மலையாளம் ஓடியது. திரையிலிருந்த நார்பர்ட் சொன்னதன் சாரம் இது:

"இப்ப தமிழில் சொன்னேனே, அது இவர்கள் எழுதித் தந்தது. நான் நிற்கிற இடத்துக்கு முன்னால் இரண்டு தெரு இருந்தது. என் தங்கச்சியின் அடுக்களை இப்போது மீனுக்கு வீடு. நானும் நாற்பது வருஷம் எஞ்சினில் மண்ணெண்ணெய் எரித்தவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் பீடி பற்ற வைத்தவன், இவர்கள் காட்டுக்கே தீ வைத்தவர்கள். தீ பரவும் என்று தெரிந்தும் வைத்தவர்கள். தமிழுக்குக் காசு உண்டு, அது ஜேனட்டுக்கு. இந்த மலையாளம் இலவசம்."

ஹால் அதிர்ந்தது. விசில், கைதட்டல். ஒரு கிழவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். ஆபீசருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா அனூஜ்? மக்கள் உண்மையை எப்படி ஏத்துக்கிறாங்க!"

"ஆமா சார். உண்மைன்னா உண்மைதான்" என்றான் அனூஜ், பில்லை நீட்டிக்கொண்டே.

ஆபீசர் நார்பர்ட்டை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார், கவரைக் கொடுத்தார், புகைப்படம் எடுத்துக்கொண்டார், கார் ஏறிப் போனார்.

"சென்னை போய் யாராவது சொல்லிக் குடுத்தா?" என்றான் அனூஜ்.

"குடுக்கட்டும். தாளுல உள்ளது அத்தனையும் தமிழ்ல சொல்லியாச்சு. ஒரு எழுத்து குறைஞ்சுதா, கேளு."

ஜேனட் மேடைக்குக் கீழே வந்து நின்றாள். சிரிப்பை அடக்கியதில் முகம் கோணியிருந்தது. வலது கையை விரித்து நீட்டினாள்.

"வீட்டுக்கு வாறேன், அங்க வச்சுத் தாறேன்" என்றார் நார்பர்ட், பொன்னாடையைச் சரிசெய்தபடி.

"எந்த வீட்டுக்கு? இங்கயே தா. தமிழ்ல எண்ணு. மலையாளத்துக்குப் போனா நீ வேற கணக்கு சொல்லுவ."

நார்பர்ட் கவரைக் கிழித்தார். ஊர் பார்க்க, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று உரக்கச் சொல்லி, ஐந்நூறு ரூபாய்த் தாள் முப்பத்தாறையும் அவள் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.