மதராஸுக்குப் போன சதைத் துண்டு

ஐம்பத்து நான்காம் வருஷம், மாமரம் பூக்கும் காலம். என் இடது மார்புக் காம்புக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. எனக்கு வயது நாற்பத்தெட்டு. அகளிச் சந்தையில் துணிக்கடை. பெண்களுக்கு ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுக்கிறவன், எனக்கு மார்பில் கட்டி என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? ஒரு மாதம் மறைத்தேன். என் மனைவி ஹாஜரா கண்டுபிடித்துக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"ஆம்பளைக்கும் இது வருமுங்களா டாக்டர்?"

"மாரு இருக்கறவங்களுக்கெல்லாம் வரும் ராவுத்தரே" என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியில் ஒரு துண்டை வெட்டித் தைத்தார்கள். புற்றுநோயா என்று பார்க்க அதைப் புட்டியில் போட்டு மதராஸுக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். நானே மதராஸைப் பார்த்ததில்லை. என்னில் ஒரு துண்டு எனக்கு முன்னால் ரயிலேறிவிட்டது. அங்கே அதை யார் பார்க்கிறார்கள்? அதற்குள் என்னத்தைத் தேடுகிறார்கள்? ராப்பகலாக இதே யோசனை.

தைத்த இடம் கருநீலமானது. பிறகு பச்சை, பிறகு மஞ்சள். கட்டின ரத்தம் அப்படித்தான் கரையும் என்று டாக்டர் சொல்லியே அனுப்பியிருந்தார். பயந்தவன் காதில் ஏறுமா? காலையும் மாலையும் துணி அளக்கும் நாடாவால் அதை அளந்தேன்.

போதாததற்கு மூன்று இடத்தில் ஓத வைத்துத் தாயத்து வாங்கினேன். மற்றவர்கள் கழுத்தில் கட்டுவார்கள். நான் புத்திசாலி. நோய் இருக்கும் இடத்திலேயே மருந்து படட்டும் என்று கயிற்றை நீட்டி, மூன்று செப்புக் குழாய்களையும் காயத்தின் மேலேயே வைத்துத் துண்டால் இறுக்கினேன். பத்தாம் நாள் தையல் ஓரம் சிவந்து கசிந்தது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்க சஜ்தாவுக்குக் குனிந்தால் உயிர் போய் வந்தது. நோய் பரவிவிட்டது என்று முடிவு கட்டி, என்னைப் புதைக்கும்போது சுற்ற, கபனுக்கு வெள்ளைத் துணி எடுத்து வைத்தேன். ரகம் பிடிக்காமல் இரண்டு தடவை மாற்றினேன்.

அதுவரை தொழுகைக்குப் பின் நான் கையேந்திக் கேட்கும் துஆ நீளமானது. மதராஸ் டாக்டருக்கு என்ன புத்தி கொடுக்க வேண்டும் என்று அல்லாஹ்வுக்கே யோசனை சொல்வேன். அன்று விடியற்காலை ஃபஜ்ர் தொழுகையில் குனிய முடியாமல் அழுதுவிட்டேன். "யா அல்லாஹ், முடிவு உன் இஷ்டம். அது வரும்வரை உன் முன்னால் நெற்றியை வைக்க விடு." வேறொன்றும் வாயில் வரவில்லை.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால், ஹாஜரா நிற்கிறாள். பனியனில் ஈரத்தைப் பார்த்துவிட்டாள். துண்டை அவிழ்த்தாள். மூன்று குழாய்களும் சதையில் பதிந்திருந்தன.

"ஏனுங்க, கழுத்துல கட்டினா அல்லாவுக்குத் தெரியாதுங்களா? புண்ணு மேல மூணு ஆணிய வெச்சு இறுக்கியிருக்கறீங்க!"

"உள்ள குர்ஆன் ஆயத்து இருக்குது புள்ள."

"ஆயத்து உள்ள இருக்குது. வெளிய உங்களக் குத்தறது செம்புங்க!"

குழாய்களைக் கழற்றினாள். வெந்நீரால் துடைத்து, சுத்தமான துணியைத் தளர்வாகக் கட்டினாள். மூன்றாம் நாள் கசிவு நின்றது. ஐந்தாம் நாள் வலியில்லாமல் நெற்றி தரையில் பட்டது. எழுந்திருக்க மனமே வரவில்லை.

"ஏனுங்க, இருக்கறீங்களா?" என்று பதறினாள்.

இருந்தேன். இருக்கிறேன். ரமலானுக்கு முன்பே மதராஸிலிருந்து கடிதம் வந்தது: கெட்ட கட்டி இல்லை. அந்த முப்பது நோன்பையும் நன்றியோடு பிடித்தேன். இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் வெட்கமில்லாமல் என் கதையைச் சொல்கிறேன். உடம்பில் எதையும் மறைக்காதீர்கள் என்கிறேன்.

சகோதரர்களே, துஆ கேளுங்கள். பதில் எந்த வாசலால் வரவேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். எனக்கு அது திட்டிக்கொண்டேதான் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.